பார்க்காத பதினோரு துளைகள்

டின்னைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். முறுக்கு வாடை இல்லைடி, மண் வாடை. கடலோரச் சதுப்பு மண்ணுக்கு ஒரு வாடை உண்டே, அழுகின முட்டையும் தேங்கின தண்ணியும் சேர்ந்த மாதிரி. நீ வேலை முடிந்து வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்று நாளைக்குப் போகாது. அதே வாடை. பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில், பதினாலாவது மாடியில், கழுவித் துடைத்து வைத்த என் சாப்பாட்டு மேசையில் அது எழும்பியது. மூடியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நின்றுவிட்டேன்.

உன் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். போர்ட் கிள்ளானில் ஷிப்ட் முடித்து நேராக ரயில் ஏறி வந்தவன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பண்டமாரான் வீட்டில் உன் அலமாரியை ஒழிக்கும்போது இந்த பிஸ்கட் டின் கிடைத்ததாம். மூடியில் உன் கையெழுத்தில் "மேப் மகாராணிக்கு" என்று எழுதியிருந்தது. என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய்.

"அக்கா, இது ஒருதடவ உங்ககிட்ட வந்துட்டுத் திரும்பி வந்த டின்னு. ஞாபகம் இருக்கா?" என்றான்.

இல்லாமல் என்ன. சுற்றி ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகிப் போயிருந்தது, ஆனால் யாரும் பிரிக்கவில்லை. நாம் பேச்சை நிறுத்திய வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம், இவன்தான் அதை ஆபீஸுக்குக் கொண்டுவந்தான். கௌன்டரில் வைத்தே நான் கத்தினேன்: "முறுக்கக் குடுத்துச் சமாளிக்கப் பாக்குறாளா உங்கக்கா? எடுத்துட்டுப் போ!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டின்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

முறுக்கே இல்லை. உள்ளே உன் வேலைப் புத்தகம் இருந்தது, மழையில் நனைந்து காய்ந்து உப்பிப் போன மஞ்சள் அட்டைப் புத்தகம். அதற்கு அடியில் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்று. புத்தகத்தில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாய். அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், உனக்கு இனி எந்த அஞ்சலும் வந்து சேராது என்று தெரிந்தும்.

நம் வேலையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எங்கே பழைய ஊர் புதைந்து கிடக்கும் என்று தோண்டும் முன்பே சொல்வது. "என்னாடி இது, ஜோசியமா?" என்று உன் அம்மா கேட்டபோது, "ஆமாம்மா, செத்தவங்களுக்குப் பாக்குற ஜோசியம்" என்றாய் நீ. கல்லால் கட்டின ஊராக இருந்தால் இடிந்தாவது கண்ணில் படும். நம் ஆற்றங்கரைகளில் இருந்தவர்கள் மரத்திலும் மூங்கிலிலும் ஓலையிலும் கட்டினார்கள். எல்லாம் மக்கிப் போய், அதன்மேல் ஆறு வருஷா வருஷம் சேற்றைக் கொண்டுவந்து கொட்டி, அதற்கும் மேல் இன்று எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. அதை வெட்டிவிட்டுக் கிடங்கு கட்டுவதற்கு முன்னால் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லா இடத்தையும் தோண்ட முடியுமா? ஏற்கெனவே பழசு கிடைத்த இடங்களின் குணத்தையெல்லாம் நான் கணினிக்குக் கொடுப்பேன். தண்ணிக்கு எவ்வளவு கிட்ட, வெள்ளம் ஏறாத மேடா, என்ன மண் என்று. அது மீதி நிலத்துக்கு நிறம் பூசும். சிவப்பு என்றால் இருக்கலாம், கை வைக்காதே. பச்சை என்றால் ஒன்றுமில்லை, கட்டிக்கொள். கணினி சொல்வது சரியா என்று தரையில் துளை போட்டுப் பார்ப்பது உன் வேலை.

நாம் முதன்முதலாகச் சேர்ந்து போன தோட்டம் நினைவிருக்கிறதா? கையில் ஓகர், அதுதான் உன் ஆள் உயர இரும்புத் துளைக்கம்பி. வாயில் பாதி நாசி லெமாக் சோறு. "ஆறு எங்கடி இருக்கு?" என்று கேட்டாய். நான் டேப்லட்டைப் பார்த்து, "அந்தப் பக்கம், அரை கிலோமீட்டர்" என்றேன்.

"அது இன்னிக்கு ஓடுற ஆறு. அந்தக் காலத்து மனுசன் இன்னிக்கு ஆத்துலயா வந்து குளிச்சான்?"

எனக்கு மூக்கறுந்தது. நீ ஓகரை நட்டு, தோளால் அழுத்தி முறுக்கினாய். முதலில் சாம்பல் நிறக் களிமண் வந்தது. இன்னும் முறுக்கினாய், பரபரவென்று மணல் வந்தது. ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் கடித்தாய். "நறநறங்குது. ஆத்து மணல். ஆறு இங்கதான் ஓடியிருக்கு, பெறகு எடத்த மாத்திக்கிச்சு. அந்தா பாரு, அந்த வரிசை மரம் மட்டும் சாஞ்சு நிக்குது, அடியில எளக்கம். மேப்ப மாத்து, மகாராணி." திங்கிற வாயால் மண்ணையும் திங்கிறாளே என்று நான் முகத்தைச் சுளித்தேன். ஆனால் அன்று சாயங்காலமே செத்துப்போன அந்த ஆற்றை வரைபடத்தில் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் என் நிறங்கள் பலிக்க ஆரம்பித்தன. பாராட்டெல்லாம் எனக்கு, அட்டைக்கடியெல்லாம் உனக்கு. இதைச் சொல்லிச் சொல்லியே நீ சிரிப்பாய்.

இப்போது அந்தப் பதினோரு துளைக்கு வருகிறேன்.

கிள்ளானுக்குக் கீழே, ஆற்றை ஒட்டின செம்பனைத் தோட்டம். பாதியை உடனே கிடங்குக்கு எடுக்கப் போகிறார்கள், மீதியைப் பிறகு. உன் பங்குக்கு நாற்பது துளை. இருபத்தொன்பது போட்டுவிட்டுப் போன் பண்ணினாய். மழை பிடித்துக்கொண்டு அடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. "கடைசிப் பதினொண்ணும் பள்ளத்துல இருக்கு. இடுப்பளவு தண்ணி. கம்பியப் போட்டா சேறுதான் வருது. ரெண்டு வாரம் வெயில் அடிக்கட்டும், வந்து போடுறேன்." நான் பாஸிடம் கேட்டேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும், முடியவே முடியாது என்றார். உன்னிடம் வந்து, "விடுடி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"என்னத்தப் பாத்துக்குவ? வெறுமனே விட்டுரு. பாக்காதத பாக்கலன்னே போடு" என்றாய். சரி என்றேன். சரி என்று என் வாயால் சொன்னேன்.

பிறகு ரிப்போர்ட் போனது. நிலம் முழுக்கப் பச்சை. ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, தண்ணி வடிய லோங்காங் வெட்ட வந்த பேக்ஹோ இயந்திரம் உன் பதினோரு இடத்தில் முதல் மூன்றை ஒரே காலையில் கிளறிப் போட்டது. வாளியில் மண்ணோடு வந்தது பானை ஓடு, கரி, கூர் சீவின மரத்தூண் அடிகள், பச்சை மணிகள். ஓட்டினவனுக்கு அது என்னவென்று தெரியாது, பாவம். தெரிந்து நிறுத்துவதற்குள் எல்லாம் நொறுங்கி ஒரு குவியலாய்க் கிடந்தது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ ஒரு குடும்பம் உலை வைத்த இடம், நான் பச்சை பூசின இடம்.

பங்சாரில், கிடங்கு கட்டுகிற முதலாளிகளின் ஆபீஸில் கூட்டம். நீ பூட்ஸில் சேற்றோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாய். ஏசி அறையில் எல்லாரும் உன்னைவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள், நானும்தான். லேப்டாப்பைத் திருப்பி உனக்குக் காட்டினேன். "பூஜ்யம்னு இருக்கு பாரு. துளை போட்டுப் பாத்து ஒண்ணும் இல்லன்னாதான் பூஜ்யம். இங்க நீ போட்டியா?"

"போடல" என்றாய்.

"போடாம எப்படி இங்க பூஜ்யம் வந்துச்சு?"

நீ திரையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய், ரொம்ப நேரம். நான் அதைக் குற்றவாளியின் முழி என்று நினைத்தேன். "என் புக்க எடுத்துப் பாருடி" என்றாய் மெதுவாக.

"புக்கு எதுக்கு? டேபிள்ல இருக்கறதுதான் ரெக்கார்டு!"

எத்தனை தைரியம் எனக்கு. அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் உன்னைத் துளை போட ஒருவரும் கூப்பிடவில்லை. இந்தத் தொழிலில் மொத்தமே பத்துப் பேர், ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் போதும். "போடாத துளைக்குப் பூஜ்யம் எழுதுறவ." அந்தப் பேச்சை நானும் நாலு இடத்தில் சொன்னேன். நீ போர்ட்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனாய். அந்தக் கிடங்கும் நாம் சேர்ந்து பச்சை போட்டுக் கொடுத்த நிலத்தில்தான் நிற்கிறது. அங்கேதான், ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். உன் சாவுக்கு வந்தேன். பந்தலுக்கு வெளியே நின்றேன், கொடுத்த காப்பியைக்கூட வாங்காமல் திரும்பி வந்தேன். அன்றும் எனக்கு மனதுக்குள் ஒரு கோபம் பாக்கி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தது.

மடித்திருந்த பக்கத்தில் பதினோரு வரி. ஒவ்வொரு வரியிலும் துளையின் எண், ஒன்றிலிருந்து பதினொன்று வரை, பக்கத்தில் இரண்டே சொல்: "தண்ணி. பாக்கல." பதினோரு முறை அதையே எழுதியிருந்தாய், சலிக்காமல். அடியில், "மகாராணிகிட்ட சொல்லியாச்சு. வெறுமனே விடச் சொன்னேன்."

அப்படியானால் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? உன் தம்பி டீ குடித்துக்கொண்டிருக்க, பழைய கோப்புகளைத் தேடித் திறந்தேன். நீ அனுப்பின அட்டவணை அப்படியே இருந்தது. பதினோரு கட்டமும் காலி. அடுத்த கோப்பு என்னுடையது, அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சேமித்தது. பதினோரு கட்டத்திலும் பூஜ்யம். ஓரத்தில் என்னுடைய குறிப்பே இருந்தது: காலிக் கட்டங்களுக்குப் பூஜ்யம், இல்லாவிட்டால் புரோகிராம் ஓடவில்லை.

ஐயோ! நானாடி? நானா?

லேப்டாப்பை மூடினேன், திரும்பத் திறந்தேன். மாறவில்லை. புரோகிராமுக்குக் காலிக் கட்டம் பிடிக்காது, சிவப்பு எழுத்தில் திட்டி நின்றுவிடும். அதற்கு வாயடைக்கப் பதினோரு கட்டத்தையும் ஒரே அழுத்தில் நிரப்பியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அன்று மழை பெய்தது நினைவிருக்கிறது. கீழே பூக்கடை அக்காவிடம் குடை இரவல் வாங்கினது நினைவிருக்கிறது. இது மட்டும் இல்லை. ஒரு நொடி வேலை, அதனால் மனதில் தங்கவில்லை. அந்த ஒரு நொடியில் "பார்க்கவில்லை" என்பதை "இல்லை" என்று மாற்றி, அதை உன் பேரில் எழுதி, அதற்காக உன்னையே கூட்டத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.

"என்னக்கா?" என்றான் உன் தம்பி. திரையைத் திருப்பிக் காட்டிச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவளுக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அந்த மீட்டிங்லயே தெரிஞ்சுபோச்சுன்னா. ஏன் சொல்லலன்னு கேட்டேன். 'நான் சொன்னா நம்ப மாட்டா, அவளுக்கு எழுத்துல இருக்கணும்'னா. அதான் புக்க டின்னுல போட்டு அனுப்புனா. நீங்க திருப்பி அனுப்புனீங்கல்ல, அன்னிக்கு ரொம்ப நேரம் சிரிச்சாக்கா. 'முறுக்குன்னு நெனச்சிருப்பா. அதையும் தொறந்து பாக்கல'ன்னு."

சிரித்தாயா. நீ சிரித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. திட்டியிருக்கலாமே. வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே. உன் வாய்க்கு என்ன குறைச்சல்?

அவன் போன பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே மை வேறு. கூட்டம் நடந்த வருஷத்து வெயில் காலத்தில், வேலையும் போய், சம்பளம் தர ஆளும் இல்லாமல், நீ தனியாக அந்தப் பள்ளத்துக்குப் போயிருக்கிறாய். பேக்ஹோ தின்ற மூன்று போக மிச்சம் எட்டு. ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாய். "நாலு: பாத்தேன். கரி, முட்டி ஆழம். அஞ்சு: பாத்தேன். ஒண்ணுமில்ல. ஆறு: பாத்தேன். பானை ஓடு, இடுப்பு ஆழம்." இப்படிப் பத்தாவது வரை. போட்ட ஏழில் நாலு துளையில் பழசு இருந்தது, மூன்றில் இல்லை. இல்லாததை இல்லை என்றே எழுதியிருந்தாய். பிளாஸ்டிக் பையில் இருந்தது கட்டைவிரல் நகமளவு ஓடு, கயிறு அழுத்தின கோலம் அதில் இன்னும் தெரிகிறது. கடைசி வரி மட்டும், "பதினொண்ணு: பாக்கல. மறுபடி மழை."

அந்த எட்டும் நிற்கிற மீதி நிலத்துக்கான ரிப்போர்ட் என் மேசையில் கிடந்தது. புதன்கிழமை போக வேண்டியது. அதே அட்டவணை, அதே பூஜ்யங்கள், நிலம் முழுக்கப் பச்சை. உன்மேல் பழி போட்டதோடு சரி, அந்த எட்டையும் போய்ப் பார்க்க யாரையும் நான் அனுப்பவில்லை. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உன் தம்பி ஒரு வாரம் கழித்து அலமாரியை ஒழித்திருந்தால்?

திங்கட்கிழமை பாஸ் அறைக்குள் போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவதான் போயிட்டாளே லா. இப்ப எதுக்குப் பழச கெளர்ற?" என்றார்.

"பழச கெளர்றதுதான் பாஸ் நம்ம பொழப்பு!" என்று கத்தினேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ரிப்போர்ட்டை அனுப்ப மாட்டேன் என்றேன். தொல்பொருள் இலாகாவுக்கும் முதலாளிகளுக்கும் நானே கடிதம் எழுதினேன். பூஜ்யம் போட்டது நான், அவள் இல்லை, அவள் எழுதினது இதோ என்று உன் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து இணைத்தேன். உன்னைப் பற்றி நான் பேசின நாலு இடத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருவர், "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதான். உன் பேரைக் கெடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரம்தான் இதற்கும் ஆனது, ஆனால் கேட்க நீ இல்லை. என் வேலை இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. நிலத்தில் கை வைக்க வேண்டாம் என்று இலாகா நிறுத்தி வைத்திருக்கிறது, ஆட்கள் வந்து முறையாகத் தோண்டப் போகிறார்கள்.

பண்டமாரானுக்கும் போனேன். கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ இத அவ இருக்கும்போதே வந்து சொல்லிருக்கணும்மா" என்றார். நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. தட்டில் முறுக்கு வைத்தார். ஒன்றுவிடாமல் தின்றேன்.

நேற்று அந்தப் பள்ளத்துக்குப் போனேன், இலாகாவிடம் கேட்டுக்கொண்டுதான். உன் தம்பி கார் ஓட்டினான். உன் ஓகர் வீட்டுப் பின்கட்டில் சாய்ந்தே கிடந்திருக்கிறது, எண்ணெய் போட்டு எடுத்துவந்தான். இரண்டு வாரமாக நல்ல வெயில், பள்ளத்தில் தண்ணி இல்லை. பதினோராவது இடத்தைக் கண்டுபிடித்துக் கம்பியை நட்டேன். நீ செய்தால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்குமே, எனக்கு இரண்டு கையும் கொப்பளித்துவிட்டது. ஒருமுறை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். "அலாமா, மேப் மகாராணி!" என்று உன் தம்பி சிரித்தான், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

சாம்பல் களிமண் வந்தது. பிறகு மணல். ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் கடித்தேன், நறநறத்தது. இன்னும் முறுக்கினேன், கம்பி போகிற ஆழம் வரைக்கும். கரி இல்லை. ஓடு இல்லை. விரலால் கட்டி கட்டியாய் உடைத்து மறுபடியும் தேடினேன். உன் கடைசித் துளையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை, தெரியுமா? இல்லை.

புத்தகம் இனி என்னிடம் இருக்கட்டும் என்று உன் தம்பி சொல்லிவிட்டான். இப்போது என் வரைபடங்களில் சிவப்பும் பச்சையும் தவிர வெள்ளையும் இருக்கிறது. கால் வைக்காத இடமெல்லாம் வெள்ளை. பாஸுக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காமலே இருக்கட்டும். இன்று ஆபீஸில் என் நாற்காலி நாறுகிறது என்று பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளைக்குப் போகாது என்றேன்.

நேற்று அந்தப் பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து, சேற்றுக் கையோடு, உன் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "பதினொண்ணு: பாத்தேன். ஒண்ணுமில்ல."